கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு?

கேள்வி: என் தங்கை அரசுப் பள்ளியில் படித்து இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட்-ஆஃப் 184. கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். சிஎஸ்இ, ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று ஏகப்பட்ட பெயர்கள். எங்களுக்கு விருதுநகர் மாவட்டம். பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருக்கும் கல்லூரியே போதும் என்கிறார் அப்பா. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்:

கல்லூரியை வைத்து முடிவெடுங்கள். பிரிவின் பெயர் அதற்கு அடுத்ததுதான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். தங்கை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. பொறியியலுக்கு இது 2021இல் வந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இந்த ஒதுக்கீட்டுக்கென்று தனித் தரவரிசை இருப்பதால், பொதுப் பட்டியலில் 184க்கு எட்டாத கல்லூரிகூட எட்டக்கூடும். அதனால் "நமக்கு அதெல்லாம் கிடைக்காது" என்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களை நீங்களாகவே பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். அப்பாவின் யோசனைக்குப் பின்னால் செலவுக் கணக்கு இருந்தால், முதலில் இதை அவரிடம் சொல்லுங்கள்.

இனி பிரிவு. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். கல்லூரி முடித்து வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சிஎஸ்இயா ஐடியா என்பதை வைத்து நாங்கள் யாரையும் எடுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து நிரல் எழுதச் சொல்வோம். எழுதியதும், உள்ளீடு பத்து லட்சமாக இருந்தால் இது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்போம். டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லில், இரண்டு அட்டவணைகளை இணைத்து எழுதச் சொல்வோம். பிராசஸுக்கும் த்ரெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்போம். கடைசியாக, செய்த ப்ராஜெக்ட்டைப் பற்றி. அது சொந்தமாகச் செய்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்பது இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

இவற்றுக்கு வேண்டிய டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ் எல்லாம் சிஎஸ்இயிலும் உண்டு, ஐடியிலும் உண்டு. சிஎஸ்இயில் கோட்பாட்டுப் பக்கம் கொஞ்சம் கூடுதல்; கம்பைலர் டிசைன் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை வடிவமைப்பது) மாதிரியான பாடங்கள் கட்டாயமாக வரும். ஐடியில் வெப் பக்கம் சாய்வு. ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸில் நிகழ்தகவும் புள்ளியியலும் அதிகம், கணக்குப் பிடிக்கிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. ஆனால் பல கல்லூரிகளில் அந்தப் பிரிவு தொடங்கியே சில வருடங்கள்தான் ஆகின்றன. அந்தப் பாடங்களை யார் நடத்துகிறார்கள், அவர்கள் எதில் ஆய்வு செய்தவர்கள் என்று துறைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சைபர் செக்யூரிட்டி, ஐஓடி (கருவிகளை இணையத்தோடு இணைக்கும் துறை) போன்றவற்றில் நான்கு வருடப் பட்டம் வாங்குவதை விட, அடிப்படைப் படிப்பை எடுத்துவிட்டு அவற்றை விருப்பப் பாடமாகப் படிப்பது மேல் என்பது என் கருத்து. பதினேழு வயதில் ஒரு சிறிய கிளைக்குள் போய் உட்கார வேண்டிய அவசியம் இல்லை.

ஆக, ஒரே கல்லூரியில் இவை எல்லாம் கிடைத்தால் சிஎஸ்இ, இல்லாவிட்டால் ஐடி, அதற்கப்புறம் ஏஐ. சாதாரணக் கல்லூரியில் சிஎஸ்இயும் நல்ல கல்லூரியில் ஐடியும் எதிரெதிரே வந்தால், யோசிக்காமல் நல்ல கல்லூரி.

நல்ல கல்லூரி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நுழைவாயிலில் வைத்திருக்கும் பிளக்ஸ் பேனரை நம்பாதீர்கள். ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் அதை மூன்று என்று எண்ணி விளம்பரம் செய்யும் வழக்கம் உண்டு. அதற்குப் பதிலாக, மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுத்த விவரங்களைத் தேடிப் படியுங்கள். கல்லூரியின் சொந்த இணையதளத்திலேயே பெரும்பாலும் கிடைக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தின் இடைநிலை மதிப்பு (எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வருடவாரியாக இருக்கும். பேனரில் இருக்கும் உச்சச் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தது. இடைநிலைச் சம்பளம்தான் உங்கள் தங்கைக்குக் கிடைக்க வாய்ப்புள்ளது.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவவாரியாக வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். பாதிப் பேர் அரியரோடு இருக்கும் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் வேகம் குறைந்துவிடும். வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள், பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதமும் நிலுவை அரியர் இல்லாமலும் இருந்தால்தான் தேர்வு எழுதவே விடுகின்றன.

இன்னொன்று, கம்ப்யூட்டர் பிரிவு இடங்களின் எண்ணிக்கை. ஒரு பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான ஏஐசிடிஇ 2024-25இல் தளர்த்தியது. சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துக் கம்ப்யூட்டர் இடங்களைக் கூட்டிய கல்லூரிகளும் உண்டு. இடம் கூடிய வேகத்தில் ஆசிரியர்களும் லேபும் கூடியிருக்கிறார்களா? இதை அலுவலகத்தில் கேட்டால் பதில் வராது. மூன்றாம் வருடம் படிக்கிற யாரையாவது பிடித்து, லேபில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் உண்டா, கோடிங் போட்டிகளுக்கு சீனியர்கள் போகிறார்களா, போன செமஸ்டரில் எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள்.

நான் கல்லூரி கல்லூரி என்று இவ்வளவு சொல்வதற்குக் காரணம் சுவரோ கட்டடமோ இல்லை, கூடப் படிக்கிறவர்கள். நிரல் எழுதுவது வகுப்பில் வருவதில்லை; ராத்திரி விடுதியில் பக்கத்து அறைப் பெண் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருக்கும்போது தானும் போய் உட்கார்ந்து வருவது. பாடத்தை என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களிடமிருந்தே இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து அறைப் பெண்ணுக்கு மாற்று எங்கும் இல்லை. அதனால்தான், விடுதியில் தங்கிப் படிக்க அப்பா சம்மதித்தால் நல்லது என்று நினைக்கிறேன். தினமும் மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் போனால், பழகுவதற்கு மிச்சம் இருக்கும் நேரம் அதிலேயே போய்விடும். அவர் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு நாள் அவரையே கூட்டிக்கொண்டு போய் விடுதியைக் காட்டுங்கள், வார்டனிடம் பேச வையுங்கள். பக்கமே வேண்டும் என்றாலும் உங்கள் பகுதி ஒன்றும் வறண்டு கிடக்கவில்லை. மதுரையில் தியாகராசர், சிவகாசியில் மெப்கோ, கோவில்பட்டியில் நேஷனல், திருநெல்வேலியில் அரசுப் பொறியியல் கல்லூரி என்று பல காலமாக நடக்கும் கல்லூரிகள் சுற்றிலும் இருக்கின்றன.

இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தால் எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சர்க்யூட், சிக்னல் பாடங்களில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் தாராளமாக. மென்பொருள் நிறுவனங்கள் இசிஇ பிள்ளைகளையும் எடுக்கின்றன. ஆனால் கம்ப்யூட்டர் கிடைக்காததால் அங்கே போய் நான்கு வருடம் காத்திருப்பது கொடுமை. எலக்ட்ரோமேக்னடிக்ஸ் லேசான பாடம் இல்லை.

பழைய கட்-ஆஃப் பட்டியலைப் பார்க்கும்போது மதிப்பெண்ணை விடத் தரவரிசை எண்ணையும் சமூகவாரித் தரவரிசையையும் பாருங்கள். மதிப்பெண் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். 2021இல் பொதுத்தேர்வே நடக்காமல் மதிப்பெண் போட்டார்கள், அந்த வருடக் கணக்கு எதற்கும் உதவாது. பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதி இடம். பட்டம் அதேதான், கட்டணம் கூடுதல்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாதீர்கள். மிகவும் பிடித்தது முதலில், அடுத்துப் பிடித்தது இரண்டாவது. மேலே இருப்பது கிடைக்காவிட்டால்தான் கீழே இறங்கும். ஆசைப்பட்டதை முதலில் எழுதியதால் எந்த நட்டமும் வராது. ஒதுக்கீடு வந்ததும், அதை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் வாய்ப்பும் உண்டு. அப்படிக் காத்திருந்து மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும். எனவே நிஜமாகவே சேர விருப்பமில்லாத எதையும் பட்டியலின் மேல்பகுதியில் வைக்காதீர்கள். உறுதி செய்யக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த நாட்களில் ஊர்த் திருவிழா, கல்யாணம் எதற்கும் போகாமல் யாராவது ஒருவர் இணையத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கணக்கு என்றால் உயிர் என்கிற பிள்ளையாக இருந்தால் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் பிஎஸ்சி கணிதமும் கணினி அறிவியலும் படிப்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனி நுழைவுத் தேர்வு, கடினமானது. ஐஐடி மெட்ராஸ் 2021 முதல் நடத்தும் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பை, எந்தக் கல்லூரியில் இருந்துகொண்டும் இணையம் வழியாகச் சேர்த்துப் படிக்கலாம். முதல் வருடம் பழகிய பிறகு யோசித்தால் போதும்.

இப்போது அவசரம் சான்றிதழ்கள்தான். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும், சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் புதியதற்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளி என்ற விவரத்தைத் தலைமையாசிரியரிடம் சரிபார்த்து வாங்குங்கள். 7.5க்கு அதுதான் ஆதாரம்.