பித்தமா, மாத்திரையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பல ஆண்டுகளாக இனிப்பு நீர். மூன்று வாரமாகக் காலையில் கோப்பி ஓ குடித்து மாத்திரை போட்டதுமே குமட்டுகிறது. பித்தம் ஏறிவிட்டது என்கிறார் மாமியார். கோடாலித் தைலம் தேய்த்தோம், இஞ்சிச்சாறும் கொடுத்தோம். பித்தம் இறங்க வேறு என்ன கொடுக்கலாம்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேறு எதுவும் கொடுக்க வேண்டாம், சகோதரி. அவருடைய மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள். இனிப்பு நீருக்குத் தரும் மெட்ஃபார்மின் இருக்கிறதா? அண்மையில் அளவைக் கூட்டினார்களா? வெறும் வயிற்றில் அதை விழுங்கினால் பலருக்குக் குமட்டும். சாப்பாட்டுக்கு நடுவிலோ, சாப்பிட்டு முடித்த கையோடோ போடச் சொல்லுங்கள். 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதே வயிறு பழகட்டும் என்றுதான். மெதுவாகக் கரையும் வகையும் உண்டு, கிளினிக்கில் கேளுங்கள். அவராகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

குமட்டல் வயிற்றில் தெரிந்தாலும் அதைக் கிளப்புவது மூளை. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் ஓர் இடம் இரத்தத்தில் நச்சோ மருந்தோ கலந்திருக்கிறதா என்று ஓயாமல் சோதிக்கிறது. வயிற்றையும் குடலையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு, குடலிலிருந்து செய்தி அனுப்புகிறது. உள்காது, நாற்றம், பயம் இவையும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. கேமரன் மலை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது உள்காதால். அதற்கான மருந்து உங்கள் கணவருக்கு உதவாது. எல்லாவற்றுக்கும் பித்தம் என்று ஒரே பெயர் வைத்தால் காரணத்தைத் தேடவே மாட்டோம். எனக்குக் கவலை அதுதான்.

மாத்திரை காரணமில்லையென்றால்? நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறதா, பல மணி நேரம் முன்பு தின்றது செரிக்காமல் வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். நாள்பட்ட நீரிழிவு வேகஸ் நரம்பைக் கெடுத்தால் இரைப்பை உணவைக் கீழே தள்ளத் திணறும். சிறுநீரகம் பழுதுபட்டு இரத்தத்தில் கழிவு சேர்ந்தாலும் குமட்டும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்று வாரம் பொறுத்ததே அதிகம். இந்த வாரமே மாத்திரைகளோடு அழைத்துப் போங்கள்.

இஞ்சி இலேசான குமட்டலைத் தணிக்கும், சீனி போடாமல் குடிக்கட்டும். ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அடங்காத தாகம், வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மேல்வயிற்றில் அழுத்தம் கூடவே வந்தால் மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது நெஞ்சுவலியே இல்லாமலும் வரும். தைலத்தைத் தேடாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.