பதினாறா, மூன்றா, ஐந்தா?

கேள்வி: ஆளுமைப் பண்புகள் 16 என்றார் உளவியலாளர் ரேமண்ட் கேட்டல், 3 என்றார் இன்னொரு உளவியலாளர் ஐசங்க், இப்போது 5 என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: மூவரும் வெட்டிய இடம்தான் வேறு. 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை வருணிக்கும் சொற்களாகக் கிட்டத்தட்ட 18,000 எடுத்தார்கள். நிலையான பண்பைக் குறிப்பவை அதில் சுமார் 4,500. ரேமண்ட் கேட்டல் ஒரே பொருள் தரும் சொற்களைச் சேர்த்துச் சுருக்கி, காரணிப் பகுப்பாய்வு (சேர்ந்தே ஏறி இறங்கும் பண்புகளை ஒரு தொகுதியாக்கும் கணக்குமுறை) செய்து 16க்கு வந்தார். இந்த 16 காரணிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அவற்றை மறுபடி பகுத்தால் இன்னும் பெரிய, குறைந்த தொகுதிகள் கிடைக்கும். ஐசங்க் அந்த மேல்மட்டத்திலேயே நின்றுகொண்டார்: புறமுகத்தன்மை (பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு), நியூரோட்டிசிசம் (எளிதில் கவலைப்பட்டுக் கலங்கும் இயல்பு), பின்னாளில் சேர்த்த உளப்பிறழ்வுத்தன்மை (இரக்கமற்ற, முரட்டுப் போக்கு). கேட்டல் அளந்த பண்புகளையே 1961இல் டியூப்ஸ், கிறிஸ்டல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மறுபடி பகுத்தபோது ஐந்துதான் நிலைத்தன. ஆய்வுக்கு ஐந்தே வசதி என்பது என் கட்சி.

கேள்வி: ஐந்து காரணி வினாத்தாளை நானே திருத்தினேன். எல்லாமே நடுவில் வந்து நிற்கிறதே?

பதில்: தலைகீழ்க் கூற்றுகளை மாற்றாமல் கூட்டியிருப்பீர்கள். “கூட்டத்தில் அதிகம் பேசமாட்டேன்” என்பது புறமுகத்தன்மைக்கு எதிர்க்கூற்று. 1 முதல் 5 வரையான அளவில், நீங்கள் இட்ட எண்ணை 6இலிருந்து கழியுங்கள். 5 என்றால் 1, 4 என்றால் 2. பிறகு அந்தந்தப் பண்பின் கூற்றுகளை மட்டும் கூட்டிச் சராசரி எடுங்கள். எல்லாவற்றுக்கும் “ஆம்” போடும் பழக்கத்தைப் பிடிக்கத்தான் இந்த எதிர்க்கூற்றுகள். மதிப்பெண்ணை உங்கள் வயதினரின் சராசரியோடு ஒப்பிடாவிட்டால் வெறும் எண்தான்.