பிரெபொசிஷன்: விதி தெரிந்தும் தவறு ஏன் வருகிறது?

கேள்வி: ஆங்கிலத்தில் படிப்பதும் புரிந்துகொள்வதும் எனக்குச் சிரமமில்லை. எழுதும்போதுதான் இன், ஆன், அட், ஃபார், டு போன்ற சின்னச் சொற்கள், அதாவது பிரெபொசிஷன்கள், காலை வாருகின்றன. விதிகளைப் படித்தேன், பட்டியலையும் மனப்பாடம் செய்தேன். தவறு நின்றபாடில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். உங்கள் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு விதி தெரியாதது பிரச்சினை இல்லை. தமிழ் வேற்றுமை உருபை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதுதான் பிரச்சினை.

'அறையில்', 'சுவரில்', 'வாசலில்' என்று மூன்றுக்கும் நாம் ஒரே 'இல்' போடுகிறோம். ஆங்கிலம் அறைக்கு இன், சுவருக்கு ஆன், வாசலுக்கு அட் என்று பிரிக்கிறது. உள்ளே அடங்கினால் இன், பரப்பைத் தொட்டால் ஆன், இடத்தை ஒரு புள்ளியாக மட்டும் நினைத்தால் அட். மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. இந்த விதிக்குள் அடங்காத இடங்களைக் கவனியுங்கள். காலை என்றால் 'இன் த மார்னிங்', திங்கட்கிழமை காலை என்றால் 'ஆன் மண்டே மார்னிங்', இரவுக்கு மட்டும் 'அட் நைட்'. லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி முன்னால் வந்துவிட்டால் மூன்றுமே வேண்டாம். 'ஆன் லாஸ்ட் மண்டே' என்று எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. 'லாஸ்ட் மண்டே' போதும்.

இதைவிட அதிகமாகக் காட்டிக்கொடுப்பவை தேவையே இல்லாத இடத்தில் நுழையும் பிரெபொசிஷன்கள். 'திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்' என்று மனத்துக்குள் ஓடுவதால் 'டிஸ்கஸ்ட் அபவுட் த பிளான்' என்று கை எழுதிவிடுகிறது. டிஸ்கஸ் என்ற வினைச்சொல் பொருளை நேரடியாக எடுக்கும்: 'வி டிஸ்கஸ்ட் த பிளான்'. ஆனால் டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல் ஆனதும் அபவுட் வரலாம்: 'எ டிஸ்கஷன் அபவுட் த பிளான்'. ரெக்வெஸ்ட்டும் இப்படித்தான். வினையாக வந்தால் 'ஐ ரெக்வெஸ்டட் எ காப்பி', பெயராக வந்தால் 'மை ரெக்வெஸ்ட் ஃபார் எ காப்பி'. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துதான் 'ரெக்வெஸ்டட் ஃபார்' பிறக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சொற்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆன்சர் தனியாக நிற்கும், ரிப்ளைக்கு டு வேண்டும். ரீச் தனியாக நிற்கும், அரைவ் என்றால் அட் அல்லது இன் வேண்டும். 'அவரோடு திருமணம்' என்று நாம் சொல்வதால் 'மேரீட் வித்' வருகிறது. சரியானது 'மேரீட் டு'.

அலுவலக மின்னஞ்சலில் அடிக்கடி கண்ணில் படுவது 'வித்தின் ஃப்ரைடே'. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதன் 'க்குள்' செய்யும் வேலை அது. வித்தினுக்குப் பின்னால் கால அளவு வர வேண்டும்: 'வித்தின் டூ டேஸ்'. கெடு நாள் என்றால் பை: 'பை ஃப்ரைடே'. அந்த நாள் வரை ஒரு செயல் தொடர்ந்தால் அன்டில். 'பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன்' என்பதற்கு 'ஆஃப்டர் டென் மினிட்ஸ்' எழுதுகிறோம். இப்போதிலிருந்து கணக்கிட்டால் 'இன் டென் மினிட்ஸ்' என்பதே இயல்பு. இரண்டு ஆண்டுகளாக என்றால் 'ஃபார் டூ இயர்ஸ்', தொடங்கிய ஆண்டைச் சொன்னால் 'சின்ஸ் 2019'. 'சின்ஸ் டூ இயர்ஸ்' வேண்டவே வேண்டாம்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். நோட்டுப் புத்தகத்தில் ஆன் என்பதற்கு ஒரு பக்கம், அட் என்பதற்கு ஒரு பக்கம் என்று ஒதுக்காதீர்கள். பிரெபொசிஷனை ஆள்வது பெரும்பாலும் அதற்கு முன்னால் நிற்கும் சொல். ஆகவே டிபெண்ட் ஆன், குட் அட், இன்ட்ரெஸ்டட் இன், ரெஸ்பான்சிபிள் ஃபார் என்று ஜோடியாகவே எழுதுங்கள். நீங்கள் அண்மையில் அனுப்பிய நான்கைந்து மின்னஞ்சல்களை எடுத்து, சந்தேகம் வரும் இடத்தில் முன்னால் உள்ள வினையையோ பெயரையோ அகராதியில் தேடுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் வெளியிடும் அகராதிகளில் எந்தச் சொல்லோடு எது சேரும் என்று உதாரணத்தோடு இருக்கும், இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிறகு அதே ஜோடியை வைத்து உங்கள் வேலை சார்ந்த ஒரு வாக்கியம் எழுதுங்கள். மற்றவர் வாக்கியம் மனத்தில் தங்காது.

ஆங்கிலத் திரைப்படம் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் இதற்குப் பரிந்துரைப்பதில்லை. வேகமான பேச்சில் டு, ஃபார், அட், ஆஃப் எல்லாம் உயிரொலி மங்கிக் காதில் விழாமலே போய்விடும். இவற்றுக்குக் கண்தான் நல்ல ஆசான். அச்சில் வந்த ஒரு பத்தியை எடுத்து, பிரெபொசிஷன்களை மறைத்துவிட்டு நிரப்பிப் பாருங்கள்.

'அட் த வீக்கெண்ட்' என்பது பிரிட்டன் வழக்கு, 'ஆன் த வீக்கெண்ட்' என்பது அமெரிக்க வழக்கு. இப்படிப்பட்ட வேறுபாடுகளுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

பிழை திருத்தும் மென்பொருளை நம்பலாமா என்றும் உங்களுக்குத் தோன்றும். 'டிஸ்கஸ் அபவுட்' போன்றவற்றை அது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் 'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்துக்கு, 'இன் டைம்' என்றால் காலம் கடந்துவிடாமல். இரண்டும் இலக்கணப்படி சரி என்பதால், நீங்கள் ஒன்றை நினைத்து மற்றதை எழுதியிருந்தால் மென்பொருள் பேசாமல் விட்டுவிடக்கூடும். பை, அன்டில், இன், வித்தின் வரும் வாக்கியங்களை அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.