ஆஸ்திரேலியாவோட ஆரம்பகால ராக்கபில்லி (கன்ட்ரி இசை கலந்த ராக் அண்ட் ரோல்), ராக் அண்ட் ரோல் பாடகர்கள்ல யாரோட பாட்டைக் கேக்கலாம்?

ஜானி ஓ'கீஃப். என்னைக் கேட்டா வேற யார்கிட்ட இருந்தும் ஆரம்பிக்கவே கூடாது.

1935ல சிட்னில பிறந்தவர், முதல்ல அமெரிக்கப் பாடகர் ஜானி ரே மாதிரி பாடிக் காட்டிட்டு இருந்தாரு, அப்புறம் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலி பாட்டு கேட்டதும் ஆளே மாறி 1956ல டீ ஜேஸ்னு பேண்ட் ஆரம்பிச்சாரு. 1958ல வந்த 'வைல்ட் ஒன்' தான் பெரிய திருப்பம், ஆஸ்திரேலிய ராக் பாட்டு ஒண்ணு அந்த நாட்டு சார்ட்ல ஏறினது அதுதான் முதல் தடவை. அதைவிட பெரிய விஷயம், அதே வருஷம் அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலியோட டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் ஐவன்ங்கிற பேர்ல அமெரிக்கால அதைப் பாடி ரிலீஸ் பண்ணாரு, அதாவது அமெரிக்காவைப் பாத்து கத்துக்கிட்ட ஆளோட பாட்டு திரும்ப அங்கயே போச்சு! 1986ல அமெரிக்க ராக் பாடகர் இக்கி பாப்பும் அதைப் பாடியிருக்காரு.

1959ல ஆஸ்திரேலிய அரசு சேனலான ஏபிசி டிவில 'சிக்ஸ் ஓ'கிளாக் ராக்' ஷோ, கூடவே 'ஷவுட்' ஹிட்டு. குரல் அவ்வளவு சுத்தமான குரல்லாம் இல்ல, ஆனா மேடைல அந்த வெறி இருக்கே, அதுக்குத்தான் கூட்டம் வந்துச்சு.

1960ல கெம்ப்ஸிங்கிற ஊர் பக்கம் கார் லாரில மோதி முகமெல்லாம் பயங்கர அடி. பொழச்சு வந்து 1961ல 'ஐ'ம் கவுண்ட்டிங் ஆன் யூ'ன்னு நம்பர் 1 குடுத்தாரு, ஆனா மனநலப் பிரச்சினை விடவே இல்ல, பாவம். 1978ல 43 வயசுலயே போயிட்டாரு. 1988ல ஆஸ்திரேலிய இசைத்துறை சங்கமான ARIAவோட ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்த முதல் செட்டுல இவரும் உண்டு.

முதல்ல 'வைல்ட் ஒன்' கேளுங்க, அப்புறம் 'ஷவுட்'.