டிஸ்க் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் இருப்பதைப் பார்த்து என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) தெரியவே இல்லை. எஸ்எஸ்டி பழுதா?

பெரும்பாலும் இல்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. ஒரே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது, என்விஎம்இ எஸ்எஸ்டியும் வருகிறது. இரண்டும் மதர்போர்டோடு தகவல் பரிமாறும் முறை வேறு. உங்கள் ஸ்லாட்டுக்கு மதர்போர்டில் சாட்டா இணைப்பு மட்டும் கொடுத்திருப்பார்கள். கார்டின் தங்க முனையில் ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ, இரண்டு இருந்தால் சாட்டா என்று கடைகளில் சொல்வார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். இரண்டு வெட்டு உள்ள என்விஎம்இ கார்டுகளும் உண்டு. 'எம்' வகை ஸ்லாட்டில் இரண்டு விதக் கார்டும் உட்கார்ந்துவிடும் என்பதால்தான் இந்தக் குழப்பம். லேப்டாப்பின் சர்வீஸ் மேனுவலைத் திறந்து, அந்த ஸ்லாட்டுக்கு எதிரே 'பிசிஐஇ' (என்விஎம்இ பயன்படுத்தும் பாதை) என்று இருக்கிறதா, 'சாட்டா' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சாட்டா மட்டும் என்றால் எஸ்எஸ்டியை மாற்றி வாங்குவதுதான் வழி. பயாஸ் அப்டேட் செய்து பயனில்லை.

நீளத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 2280 என்றால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். சிறிய லேப்டாப்களில் 2242, 2230 அளவுக்கு மட்டுமே இடம் இருக்கும். மாட்டும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கார்டை ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் முழுதாக உள்ளே தள்ளி, பிறகு படுக்க வைத்து ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்க்ரூ இறங்கும் குட்டித் தூண் சரியான துளையில் இல்லாமல் இறுக்கினால் கார்டு வளையும்.

சாட்டாதான் கிடைத்தது என்று வருந்தத் தேவையில்லை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பி படிக்கும். லேப்டாப்பின் சுழலும் டிஸ்க் 100, 150-ஐத் தாண்டவே திணறும். அதைவிட முக்கியம், ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைத் தேடி எடுக்கும் வேகம். விண்டோஸ் திறக்கும் நேரத்தில் தெரியும் வித்தியாசம் அதனால் வருவது. அந்த லாபம் சாட்டாவிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 1 டிபி எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்தேன் (அப்படியே முழு நகல் எடுத்தேன்). சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கிறது. 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிக் கிடக்கிறது.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு பிடிவாதம்: சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியபடி காலி இடம் இருந்தால்தான் நீட்டும். உங்களுக்கு நடுவில் ரெகவரி பார்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்க டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதி) குறுக்கே நிற்கும். பார்டிஷன் மென்பொருள் ஒன்றால் அதை டிஸ்க்கின் கடைசிக்கு நகர்த்துங்கள். அல்லது, க்ளோன் செய்யும்போதே சி-யின் அளவைக் கூட்டும் வசதியைத் தேர்ந்தெடுத்து மறுபடி செய்யுங்கள். ரெகவரி பார்டிஷனை அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். விண்டோஸ் திறக்க மறுக்கும் நாளில் அதுதான் கை கொடுக்கும்.

க்ளோன் செய்யப்போகும் மற்றவர்களுக்கும் இரண்டு விஷயங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வைத்த பிறகே தொடங்குங்கள். பல லேப்டாப்களில் நாம் போடாமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கும். க்ளோன் முடிந்ததும், பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை முதல்முறை பூட் செய்யுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் பழைய டிஸ்க்கிலேயே பூட் ஆகி, புதியதில் ஓடுகிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 199-ஆம் எண், சிஆர்சி எரர், ஏறிக்கொண்டே போகிறது. புது டிஸ்க் வாங்கவா?

முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். 199 பெரும்பாலும் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான வழியில் நேரும் கோளாறு. கேபிள் மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியே நிற்கும். மேலே ஏறாமல் இருந்தால் சரியாகிவிட்டது என்று பொருள். 5, 197 ஆகிய எண்கள் ஏறினால்தான் கவலை. அவை தட்டின் பரப்பிலேயே சேதம் என்பதைச் சொல்பவை. 'டிக் டிக்' என்று சத்தமும் வருகிறதென்றால் உடனே அணைத்துவிடுங்கள். அதில் காப்பி இல்லாத முக்கியமான தகவல் இருந்தால், அடுத்து அதை இயக்க வேண்டியவர்கள் டேட்டா ரெகவரி செய்பவர்கள். சாதாரண க்ளோன் மென்பொருள் கெட்ட பகுதியில் திரும்பத் திரும்ப முட்டி டிஸ்க்கை முடித்துவிடும்.

எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஏற்கெனவே இருந்த ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது!

பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட் ஒன்றும் சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றுங்கள். எந்தப் போர்ட் அணையும் என்பது மதர்போர்டு மேனுவலில் இருக்கும்.

பவர் சப்ளை மாற்றினேன். புதியதும் கழற்றி மாட்டும் கேபிள் ரகம்தான். பழைய சாட்டா பவர் கேபிளையே பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. டிஸ்க் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்று. பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால், ஆன் செய்த கணத்திலேயே டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு எரியும். புதிய சப்ளையோடு வந்த கேபிள்களை மட்டும் மாட்டுங்கள்.

1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது.

குறையவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஐ மும்முறை பெருக்கி எண்ணுகிறது.

பழைய டிஸ்க்கை விற்கிறேன். ஃபார்மேட் செய்தால் போதுமா?

க்விக் ஃபார்மேட் பொருளடக்கத்தை மட்டும்தான் அழிக்கிறது, உள்ளே இருப்பதை மீட்டுவிடலாம். சுழலும் டிஸ்க் என்றால் 'க்விக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். மொத்தப் பரப்பிலும் பூஜ்ஜியம் எழுதப்படும், பல மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டிக்கு இந்த வழி உறுதியில்லை. நாம் எழுதும் இடத்தை அது தன் வசதிக்கு மாற்றிக்கொள்வதால் பழைய தகவல் ஏதாவது மூலையில் தங்கலாம். தயாரிப்பாளரின் மென்பொருளில் அல்லது பயாஸில் உள்ள 'செக்யூர் எரேஸ்' கொடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். தொடங்குமுன் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வையுங்கள்; தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் திரும்பப் பெற வழியே இல்லை.