கடகரேகைக்கு ஏன் அந்த அரை டிகிரி?

கேள்வி: அட்சக்கோடுகளில் கடகரேகையை மட்டும் 23½ டிகிரியில் ஏன் வைத்தார்கள்? 20, 30 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி

பதில்: பூகோளம் நடத்திய காலமெல்லாம் யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். அந்த எண்ணை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பூமியின் அச்சு ஏறக்குறைய அவ்வளவு சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஜூன் 21 வாக்கில், சூரியன் வடக்கே எதுவரை நேர் உச்சிக்கு வருகிறதோ அதுவே கடகரேகை. அன்று நண்பகலில் அங்கே செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அதைத் தாண்டி வடக்கே எந்த நாளிலும் சூரியன் உச்சிக்கு வராது. டிசம்பரில் மகரரேகைக்கும் இதே கதைதான். 90-இல் 23½-ஐக் கழித்துப் பாருங்கள்: 66½, ஆர்க்டிக் வட்டம்!

அப்புறம், அட்சம் என்பது ஒரு கோணம். வடக்கு அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுதான் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சம். கோணமானியில் நூல் கட்டி, சிறு கல்லைத் தொங்கவிட்டு நீங்களே அளக்கலாம். கை ஆடாமல் பிடியுங்கள். ஒரு டிகிரி பிசகினால் தரையில் சுமார் 111 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும்.