ஒரு படுக்கை மட்டும் போதும் என்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

குறைந்த செலவில் தங்குவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

எனக்கு 56 வயது. பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு படுக்கை எடுத்துத் தங்கலாமா, இல்லை அதெல்லாம் முதுகில் பை மாட்டிக்கொண்டு சுற்றும் இளவட்டங்களுக்குத்தானா?

தாராளமாகத் தங்கலாம். ஆனால் சில ஹாஸ்டல்கள் பலர் சேர்ந்து படுக்கும் பொது அறைக்கு வயது வரம்பு வைத்திருக்கின்றன. 35 அல்லது 40-க்கு மேல் கிடையாது என்று விதிமுறைகளின் கடைசியில் எங்காவது போட்டிருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள், பெட்டியோடு வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. மற்றபடி இந்த ஏற்பாட்டை ஆரம்பித்து வைத்தவரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானியர் 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, வழியிலிருந்த ஒரு பள்ளிக் கட்டடத்தில் வைக்கோல் பரப்பி எல்லோரும் படுத்தார்கள், அன்று இரவு அவருக்குத் தோன்றிய யோசனைதான் 1912-இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் நிரந்தரமான முதல் இளைஞர் ஹாஸ்டலாக ஆனது.

உங்கள் வயதுக்கு நான் முக்கியமாகச் சொல்வது, கீழ்க் கட்டிலைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான். பதிவு செய்த கையோடு ஒரு வரி எழுதிப் போட்டால் பெரும்பாலும் ஒதுக்கித் தந்துவிடுவார்கள். மேல்கட்டிலுக்குப் போகும் ஏணி அனேகமாக மெல்லிய இரும்புக் கம்பியாகத்தான் இருக்கும், நடு ராத்திரியில் கழிப்பறைக்குப் போக வெறுங்காலோடு அதில் இறங்குவது முழங்காலுக்கும் ஆகாது, உள்ளங்காலுக்கும் ஆகாது. அப்புறம், இணையத்தில் போட்டிருக்கும் படங்களைக் கவனியுங்கள். பத்துப் படத்தில் எட்டு பாரும் நடனமுமாக இருந்து, கட்டில் ஒரே ஒரு மூலையில் தெரிந்தால், அந்த இடம் தூங்குகிறவர்களுக்கானது இல்லை.

ஓர் ஆள் படுக்கிற அளவு மட்டுமே உள்ள பெட்டிகளை அடுக்கி வைத்த கேப்சூல் ஹோட்டலில் மூச்சு முட்டாதா? கதவைப் பூட்ட முடியாது என்கிறார்களே, நிஜமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆமாம், பெரும்பாலும் பூட்ட முடியாது. ஜப்பானில் கேப்சூலைத் தனி அறையாகக் கணக்கில் எடுப்பதில்லை, பலர் சேர்ந்து தங்கும் எளிய விடுதி என்ற வகையில்தான் வரும். அதனால் வாசலில் இருப்பது இழுத்து மூடும் திரை அல்லது தட்டி மட்டுமே. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் தடையில்லாமல் வெளியே வர வேண்டும், ஊழியர் வந்து எழுப்பவும் முடிய வேண்டும் என்று யோசித்தால் இது நல்லதற்குத்தான் என்று புரியும். உங்கள் சாமானுக்குத் தனியாக லாக்கர் உண்டு. ஆனால் அது ஒல்லியானது, பெரிய சூட்கேஸ் நுழையாது. அதை ரிசப்ஷனில் வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

மூச்சு முட்டுமா என்றால், காற்று வர வழி இருக்கிறது, ஆனால் மனசு ஒப்புக்கொள்ள வேண்டுமே. உலகின் முதல் கேப்சூல் ஹோட்டல் 1979-இல் ஒசாகாவில் திறக்கப்பட்டது, கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்தார். அந்தக் காலத்திலிருந்து அளவு பெரிதாக மாறிவிடவில்லை: ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், அகலமும் உயரமும் 1 மீட்டரை ஒட்டி. நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. லிஃப்டில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் இதில் காசைப் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அடைசல் பயம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், தலைமாட்டில் நுழைவாசல் வரும்படி திரும்பிப் படுத்து, திரையை ஒரு சாண் விட்டு மூடிப் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். போனை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற இடமில்லாமல் பேட்டரி கொதிக்கும், பக்கத்திலேயே துணியும் மெத்தையும் உங்கள் தலையும் இருக்கின்றன.

ஜப்பானில் தங்குபவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றி அதற்கான பெட்டியில் வைக்க வேண்டும். குளியல் பெரும்பாலும் பொதுக் குளியல், பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் அனுமதி இல்லை. மூன்று நாள் பதிவு செய்திருந்தாலும் தினமும் காலையில் காலி செய்துவிட்டு மாலையில் திரும்ப வரச் சொல்லும் இடங்கள் உண்டு, பகலில் படுத்து ஓய்வெடுக்கலாம் என்று நம்பிப் போனால் ஏமாற்றமாகிவிடும். ஆண்களுக்கு மட்டுமான கேப்சூல் ஹோட்டல்கள் இன்னும் இருக்கின்றன, பெண்கள் அதைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

தனியாகப் போகும் பெண் நான். கலப்பு அறையில் தங்கலாமா?

தங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் முதல் பயணம் என்றால் பெண்கள் மட்டும் தங்கும் அறையையே எடுங்கள் என்றுதான் சொல்வேன், விலை வித்தியாசம் பெரும்பாலும் கொஞ்சம்தான். பெண் பயணிகள் எழுதிய விமர்சனங்களைத் தேடி, கடைசி சில மாதங்களில் வந்ததை மட்டும் படியுங்கள். அறைக்குத் தனிச் சாவி அட்டை இருக்கிறதா, ராத்திரி முழுக்க ரிசப்ஷனில் ஆள் இருப்பார்களா, குளியலறைக்கு எந்த வழியாகப் போக வேண்டும், இந்த மூன்றுக்கும் பதில் அங்கேயே கிடைக்கும். போன இடத்தில் யாராவது தொந்தரவு செய்தால் அனுசரித்துப் போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். நேரே கீழே போய் அறையை மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள், காரணத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

லாக்கர் இருக்கிறது என்று நம்பிப் போனேன், பூட்டு இல்லை. இது சகஜமா?

ரொம்ப சகஜம். பெட்டி அவர்களுடையது, பூட்டு உங்களுடையது என்பதுதான் பல ஹாஸ்டல்களில் வழக்கம். அங்கேயே விலைக்கோ வாடகைக்கோ கொடுப்பார்கள், ஆனாலும் கையோடு ஒன்று கொண்டுபோங்கள். வளையம் மெல்லியதாக உள்ள எண் பூட்டு நல்லது, தடித்த வளையம் பல லாக்கர் ஓட்டைகளில் நுழைவதே இல்லை. பாஸ்போர்ட்டும் பணமும் மட்டும் லாக்கரில்கூட வேண்டாம், சின்னப் பையில் உடம்போடு இருக்கட்டும், குளிக்கப் போகும்போதும்.

எனக்குக் குறட்டைப் பழக்கம் உண்டு. பொது அறையில் தங்குவது நியாயமா?

இப்படிக் கேட்பவர்கள் குறைவு, அதற்காகவே நன்றி. லேசான குறட்டை என்றால் தங்கலாம், எட்டுப் பேர் படுக்கும் அறையில் இன்னொருவரும் கட்டாயம் விடுவார். சுவர் அதிர்கிற அளவு என்றால் தனி அறை எடுங்கள், கேப்சூலும் வேண்டாம், அந்தப் பலகைச் சுவர் சத்தத்தைத் தடுக்காது. உண்மையில் குறட்டையைவிட மோசம் விடிகாலை ஐந்து மணிக்கு பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரிப்பதும், அலாரத்தை அடிக்கவிட்டு மறுபடி தூங்குவதும். கிளம்புகிற நாளுக்கு முந்தைய இரவே பையைக் கட்டிவிட்டு, போட வேண்டிய உடுப்பை மட்டும் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பையைக் கட்டிலில் வைப்பதற்கு முன்னால் பாருங்கள். விரிப்பைத் தலைமாட்டுப் பக்கம் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்து, போன் வெளிச்சத்தை அதன் மேல் அடியுங்கள். பேனா முனையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தாலோ, துரு நிறத்தில் கறை இருந்தாலோ அங்கே பூச்சி இருக்கிறது அல்லது சமீபத்தில் இருந்திருக்கிறது. கட்டில் சட்டம் சேரும் மூலை, திரையின் மடிப்பு இரண்டையும் விடாதீர்கள். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர் வரை இருக்கும், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். கண்டால் படம் எடுத்துக் காட்டி வேறு அறை கேளுங்கள், பக்கத்துக் கட்டில் போதாது. கடித்துவிட்டால் அரிக்கும், ஆனால் அது நோய் பரப்புவதாகத் தெரியவில்லை, பயப்பட வேண்டாம். துணிகளை மட்டும் கட்டிய பையோடு கொண்டுபோய் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, டிரையரில் நல்ல சூட்டில் போட்டெடுங்கள்.

விமானம் மாற இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். விமான நிலையத்துக்குள்ளேயே கேப்சூல் எடுக்கலாமா?

எடுக்கலாம், மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள், குளிக்கவும் வசதி இருக்கும். ஆனால் அது குடிவரவுச் சோதனைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். வெளியே இருந்தால் அந்த நாட்டு விசா இல்லாமல் நீங்கள் அங்கே போகவே முடியாமல் போகலாம். உள்ளே இருந்தாலும் எந்த டெர்மினல் என்று பாருங்கள்.

நாங்கள் மூன்று பேர். ஆளுக்கொரு படுக்கை எடுத்தால் லாபம்தானே?

எப்போதும் இல்லை. மூன்று படுக்கையின் விலையைக் கூட்டி, துண்டு, லாக்கர், சுற்றுலா வரி எல்லாம் சேர்த்துப் பாருங்கள், பிறகு அதே ஹாஸ்டலில் நாலு பேர் படுக்கும் தனி அறையின் வாடகையைப் பாருங்கள். பல நேரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்படி இருந்தால் தனி அறையை எடுத்துக்கொள்ளுங்கள், சமையலறையும் கூடமும் எப்படியும் எல்லோருக்கும் பொதுதான்.